பதில் சொன்ன பெட்டி

அவரிடம் மணி என்ன என்று கேட்டால் மணி சொல்ல மாட்டார். "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். முதல் தடவை கேட்பவருக்கு முகம் சுண்டிப்போகும். பஸ்ஸுக்குப் போகணும் என்று முனகினால் எந்த பஸ், எங்கே இறங்கணும் என்று இன்னும் இரண்டு கேள்வி வரும். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லி நின்றால், அந்த பஸ் இப்போதுதான் போனது, அடுத்ததற்கு இருபது நிமிஷம் இருக்கிறது, உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போங்கள் என்பார். மணி என்ன என்பதை மட்டும் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் நூலகத்தில் நான் கவுண்டரில் இருந்தேன். எழுபதுகளின் பாதியில் சேர்ந்தவள், அதே நாற்காலிதான். புத்தகத்தை வாங்கு, முத்திரை குத்து, திருப்பிக் கொடு. செம்பவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு இரண்டு பஸ் மாறிப் போவேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அம்மா அலுத்துப்போயிருந்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பங்கு மக்கள் என் வயதைத்தான் விசாரிப்பார்கள். வேலையைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை, விசாரிக்க அதில் ஒன்றும் இல்லை.

மணி சொல்லாத அந்த மனிதர் அங்கேதான் கம்ப்யூட்டரில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். விஞ்ஞானிகள் தங்களுக்கு வேண்டியதைக் கம்ப்யூட்டரிடம் சாதாரணப் பேச்சில் கேட்க வேண்டும். ஒரு கேள்வியோடு நிற்காமல் அது திருப்பிக் கேட்க, இவர்கள் விளக்க, அது தேடிச் சொல்ல, இப்படி உரையாடலாகவே போக வேண்டும். இதுதான் ஆராய்ச்சி. அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்பது எங்களுக்கு ஏர்கான் அறையில் பூட்டிவைத்த பெரிய பீரோ. அதோடு பேசப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் சிரிக்கத்தான் தோன்றும். நானும் சிரித்தேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

விஞ்ஞானிகள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் என் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முழுக்கை வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு நீள நோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. வருபவர் கேட்பதை நீலப் பேனாவால் எழுதுவார். அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தான் கண்டுபிடித்ததைக் கீழே சிவப்புப் பேனாவால் எழுதுவார். பிரச்சினை என்னவென்றால் அந்தச் சிவப்பு வரிக்காக வருகிற டாக்டர்களையும் பேராசிரியர்களையும் வழிமறித்து எதுக்குக் கேக்கறீங்க என்று ஆங்கிலத்தில் குடைவார். பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் கேட்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், கடைசியில் தன் வீட்டு அலமாரியைக் கரையான் அரிக்கிறது என்று ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார். அன்று மதியம் முழுக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் தேக்காவில் ஒரு மசாலா மில்லுக்கு மேல் வாடகை அறையில் இருந்தார். சட்டையில் எப்போதும் மல்லி வாசனை வரும். ஒரு தடவை அண்ணன் கல்யாணத்துக்கு நகை எடுக்க சிராங்கூன் ரோட்டில் எந்தக் கடை நல்லது என்று அவரிடம் கேட்டுத் தொலைத்துவிட்டேன். யாருக்கு, பெண் வீட்டாருக்குக் காட்டவா, பெண் போட்டுக்கொள்ளவா, அவள் வேலைக்குப் போகிறவளா என்று ஆரம்பித்தார். பஸ் ஸ்டாப்பில் நின்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில், அண்ணி தொழிற்சாலையில் நிற்கிறவள், கனமான சங்கிலி மெஷினில் மாட்டும், மெல்லிசாக எடுங்கள் என்றார். வீட்டில் ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை. அண்ணி இன்றுவரை அதைத்தான் போட்டிருக்கிறாள்.

இந்தக் குணத்தால் அவருக்கே ஒரு சம்பந்தம் முறிந்துபோனது. அவர் அம்மா ஏற்பாடு செய்து கேலாங்கில் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா மரியாதையாக, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கறீங்க என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவர், "எதுக்குக் கேக்கறீங்க? வேலை நிரந்தரமானு தெரியணுமா, பொண்ணை நல்லா வச்சுக்குவேனானு தெரியணுமா, இல்ல சொந்தக்காரங்ககிட்ட சொல்லிக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டார். மூன்றாவதுதான் அந்த மனிதரைச் சுட்டுவிட்டது. பலகாரத் தட்டு வருவதற்குள் எழுந்து வரவேண்டியதாகிவிட்டது. மறுநாள் இதை அவரே என்னிடம் சொன்னார், அதையும் ஆராய்ச்சித் தகவல் மாதிரி நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்று காரணத்தையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கக்கூடாது, ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர் கண்டுபிடித்த தப்பு.

ஏன் இப்படி என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். சர்க்கரை போடாத கறுப்பு டீயை ஊதிக்கொண்டே அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார்களாம். வலி இல்லை என்றாராம் அப்பா. உண்மைதான், அவருக்கு இருந்தது வலி இல்லை, அழுத்தம். "அடுத்த கேள்வியை யாருமே கேக்கல. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மறுநாள் இல்ல" என்றார். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் கேட்கிற எதிர்க்கேள்வி எதுவும் எனக்கு எரிச்சலாக இருந்ததில்லை.

பிறகு அந்தப் பிளைவுட் தடுப்பு வந்தது.

கம்ப்யூட்டர் கட்டடத்தில் ஓர் அறையை நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கினார். ஒரு பக்கம் விஞ்ஞானி உட்கார ஒரு டெர்மினல், அதாவது திரையும் கீபோர்டும். மறுபக்கம், வேறு கதவு வழியாக உள்ளே போனால், இன்னொரு டெர்மினலும் நான்கு இழுப்பறை நிறைய கார்டுகளும். கடல்மீன் வளர்ப்பு பற்றி வந்த கட்டுரைகளையெல்லாம் படித்து அவர் கையால் சுருக்கி எழுதிய கார்டுகள் அவை. விஞ்ஞானி இந்தப் பக்கம் கேள்வியைத் தட்டினால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள் கார்டைத் தேடிப் பதிலைத் தட்ட வேண்டும். விஞ்ஞானிக்கு அது மெஷின் சொன்ன பதிலாகத்தான் தெரியும். அந்த ஆள் நான். நூலகத்தில் சொல்லி வாரத்தில் மூன்று மதியங்கள் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு இது பிடிக்கவில்லை, ஏமாற்று வேலை அல்லவா என்றேன். மனிதர் இருப்பது தெரிந்தால் விஞ்ஞானி கௌரவம் பார்ப்பார், அசட்டுக் கேள்வி கேட்க மாட்டார், மெஷினிடம் எப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்தால்தான் மெஷினை எழுதமுடியும் என்று விளக்கினார். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று விதிகள் போட்டார். கார்டில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். கேள்வி தெளிவில்லை என்றால் ஒரே வரியில் திருப்பிக் கேட்க வேண்டும். மன்னிக்கவும், நன்றி, ஐயோ என்று மனுஷத்தனமாக ஒன்றும் வரக்கூடாது. அதோடு, பதில் உடனே தெரிந்தாலும் அரை நிமிஷம் கழித்துத்தான் அனுப்ப வேண்டும், மெஷின் யோசிக்கிற மாதிரி இருக்கணுமாம். தெரிந்த பதிலை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தின் விநாடி முள் பாதிச் சுற்று வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன். எட்டு மாதம் அப்படி உட்கார்ந்தேன்.

முதல் மாதம் கார்டைத் தேடித் தேடி வேர்த்தது. மூன்றாம் மாதம் எந்த இழுப்பறையில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கார்டுகளை மனசுக்குள் புரட்டுவேன். ஆறு வருடம் முத்திரை குத்திய கைக்கு முதல்முறையாகத் தலையோடு சம்பந்தம் ஏற்பட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அந்த மதியங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அடிக்கடி வந்தவர் ஒரு சீன அம்மா. கொடுவா மீன் வளர்ப்பில் ஆராய்ச்சி செய்தவர். நான் மனசுக்குள் வைத்த பெயர் கொடுவா மேடம். கவுண்டருக்கு வந்தால் புத்தகத்தையும் அட்டையையும் வைத்துவிட்டு என் தலைக்கு மேலே இருக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் வணக்கம் சொன்னாலும் கடிகாரத்துக்குத்தான் பதில். அதே அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக எழுதுவார். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், யாரிடமும் கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால் உன்னிடம் கேட்கிறேன் என்று மெஷினுக்கு எழுதியிருக்கிறார்.

ஒருநாள் மீன்குஞ்சுகள் செத்துக்கொண்டிருக்கின்றன, என்ன நோய் என்று கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன். எவ்வளவு பெரிய குஞ்சு? எப்போது சாக ஆரம்பித்தது? பொரிப்பகத்திலிருந்து கடல் கூண்டுக்கு மாற்றி எத்தனை நாள்? இப்படி ஆறு கேள்வி. ஆறாவதில் விஷயம் வெளியே வந்தது. மாற்றிய மறுநாளே சாக ஆரம்பித்திருக்கின்றன, பழைய தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கடலிலோ அதிகம். இரண்டாவது இழுப்பறையில் ஒரு கார்டும் நாலாவதில் ஒரு கார்டும் எடுத்து, இந்த இரண்டு கட்டுரையையும் சேர்த்துப் படிக்கவும், நோயாக இல்லாமல் இருக்கலாம் என்று அனுப்பினேன். அரை நிமிஷம் கழித்துத்தான் அனுப்பினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும் அவர் ஓடிப்போகிற சத்தமும் கேட்டது. அடுத்த வாரம் வந்து, நீ என் குஞ்சுகளைக் காப்பாற்றிவிட்டாய் என்று மெஷினுக்கு எழுதினார்.

ஆராய்ச்சிக்காரர் அந்த உரையாடல் பதிவான அச்சுத்தாளை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், எழுதாமல் மூடிவிட்டார்.

"இத என்னால புரோகிராம்ல எழுத முடியாது லா. ரெண்டு கார்டை எப்படிச் சேத்தீங்க?"

"தோணுச்சு அண்ணே."

அன்று முதல்முறையாக என்னைப் பற்றியே அவருடைய கேள்வி வந்தது. இந்த வேலையை இவ்வளவு அக்கறையாக எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். விடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை என் வாயிலிருந்து எடுத்துவிட்டார். நூலகத்தில் ஒரு புதிய வேலை வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. தகவல் உதவியாளர், விஞ்ஞானிகள் கேட்கிற கேள்விக்குக் கட்டுரைகளைத் தேடிக் கொடுக்கிற வேலை. அதற்கு விண்ணப்பிக்க ஆசை, ஆனால் முத்திரை குத்துகிறவள் அந்த வேலையைச் செய்வாள் என்று யார் நம்புவார்கள் என்றேன்.

"நான் லெட்டர் தர்றேன். இத்தனை மாசமா இவங்க இதத்தான் பண்ணாங்க, என்னைவிட நல்லா பண்ணாங்கனு எழுதித் தர்றேன். தீசிஸ்லயும் உங்க பேர் வரும்" என்றார்.

அந்த வாரம் நான் விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினேன். அனுபவம் என்கிற இடத்தை மட்டும் அவர் கடிதம் வரட்டும் என்று காலியாக விட்டேன்.

எட்டாவது மாதம் பார்வையாளர்கள் வந்தார்கள். பல்கலைக்கழக மேலிடத்திலிருந்து நான்கு பேர், வெளியூரிலிருந்து இரண்டு பேர். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர்தான் ஏற்பாடு செய்தவர். அதற்குள் மெஷினில் அவர் எழுதிய புரோகிராம் ஒன்று இருந்தது. குழந்தை நடக்கிற மாதிரி நடக்கும், நேராகக் கேட்டால் பதில் வரும், கொஞ்சம் வளைத்துக் கேட்டால் விழுந்துவிடும். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இதைக் காட்டினால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள், தடுப்புக்குப் பின்னால் ஆளை உட்கார வை என்று சொல்லிவிட்டார். காலையில் கவுண்டருக்கு வந்து இதை அவர் என்னிடம் சொன்னபோது அவர் சட்டையின் கைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்றார். நானும் சரி என்றேன். அதை மறைத்து அவரை மட்டும் குற்றவாளியாக்கினால் இது உண்மையான சித்திரமாகாது.

அன்று நான் பிரமாதமாகச் செய்தேன். கேள்வியை வளைத்துக் கேட்டார்கள், நிமிர்த்தினேன். பாதிக் கேள்வி கேட்டார்கள், மீதியைக் கேட்டு வாங்கினேன். பிளைவுட் வழியாக அவர்கள் வியந்து பேசிக்கொள்வது கேட்டது. நடுவில் ஒருவர் இந்த எண்ணம் எப்படி வந்தது என்று விசாரிக்க, அவர் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார். நெஞ்சு வலி, அழுத்தம், அடுத்த கேள்வி, எல்லாம் அதேதான். ஆனால் செத்தது அப்பா இல்லை, சித்தப்பா. எனக்கு விரல் கீபோர்டிலேயே நின்றுவிட்டது. அப்பா கதை பொய்யா, சித்தப்பா கதை பொய்யா, இரண்டுமே நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் வெளியூர்க்காரர்களில் ஒருவர் நிதானமாகக் கேட்டார். இந்தப் பதில்களில் எங்கேயாவது மனிதருடைய கை இருக்கிறதா?

நான் காதைத் தடுப்பில் வைத்தேன். மணி கேட்டவரையே குடைகிற மனிதர். எந்தக் கை, எதற்குக் கேட்கிறீர்கள், புரோகிராம் எழுதியதைச் சொல்கிறீர்களா, கார்டு எழுதியதைச் சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்க அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. உண்மைக்குள் நுழையவும் அதில் ஒரு வழி இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. இல்லை சார், எல்லாம் சிஸ்டம்தான் என்று உடனே சொல்லிவிட்டார். நான் பார்த்தவரை ஒரு கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கடிதம் அடுத்த வாரம் என்றார், பிறகு அதற்கு அடுத்த வாரம் என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியது. டீக்கடையில் பிடித்து நேராகக் கேட்டேன்.

"அந்த லெட்டர குடுத்தா அன்னிக்கு நான் சொன்னது பொய்னு ஆயிடும் லா" என்றார்.

"பொய்தானே அண்ணே."

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார், ஆறிப்போன டீயை. கொடுவா மேடத்திடமும் மற்றவர்களிடமும் உண்மையைச் சொல்வதாகச் சொன்னீர்களே என்றேன். இப்போது முடியாது, பேராசிரியர் மாட்டிக்கொள்வார், பட்டமும் போகும், பட்டம் வந்த பிறகு பார்க்கலாம் என்றார். மறுநாள் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். இவர் வேகமாகவும் பிழையில்லாமலும் டைப் அடிப்பவர், நேரம் தவறாதவர் என்று அதில் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைத்தான் இணைத்து அனுப்பினேன். அனுபவம் என்ற இடத்தில் கவுண்டர் என்று எழுதினேன்.

தீசிஸை டைப் அடித்ததும் நான்தான். ஒப்புக்கொண்டுவிட்டேன், விட மனமில்லை, என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கவும் ஆசை. ஐந்தாம் அத்தியாயத்தில் கொடுவாக் குஞ்சு விவகாரம் முழுசாக வந்தது. ஆறு கேள்விகளும் வரிசையாக, என் சொற்களிலேயே. கீழே, சிஸ்டம் இரண்டு கட்டுரைகளைத் தானாக இணைத்து முடிவுக்கு வந்தது என்று எழுதியிருந்தார். தானாக என்ற சொல்லை நான்தான் டைப் அடித்தேன், பிழையில்லாமல் அடித்தேன். நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் இருந்தார், அவர் அம்மா இருந்தார், விஞ்ஞானிகள் எல்லோரும் இருந்தார்கள். ஏர்கான் பழுதுபார்க்க வந்தவர் பெயர்கூட இருந்தது.

இன்டர்வியூவுக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. பதிலாக நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தகவல் உதவியாளர் பதவி கைவிடப்படுகிறது. அண்மையில் செய்துகாட்டப்பட்ட கம்ப்யூட்டர் முறை விஞ்ஞானிகளின் கேள்விகளுக்குத் திறமையாகப் பதில் சொல்வதால் அந்தப் பணிக்கு ஆள் தேவையில்லை என்று மேலிடம் கருதுகிறது. கவுண்டரில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். ஆள் எடுக்கவேண்டியிருந்த வேலையை, பார்வையாளர்கள் வந்த அன்று பிளைவுட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நானே ஒழித்துக்கட்டியிருக்கிறேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கட்டடத்துக்குப் போனேன். அவர் தீசிஸ் பக்கங்களை அடுக்கி பைண்டிங்குக்குக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே படித்தார். எதுக்கு, யாரு, எப்போ என்று ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். பேராசிரியரிடம் போய்ப் பேசுகிறேன் என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப நீங்க ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கனு அர்த்தம்" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார், முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. அறைந்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

பட்டம் வந்தது. வெளிநாட்டில் வேலை வந்தது. போவதற்கு முன் கவுண்டருக்கு வந்து நின்றார், புத்தகம் ஒன்றும் கையில் இல்லை. நான் முத்திரை குத்திக்கொண்டே இருந்தேன். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. விஞ்ஞானிகளில் ஒருவரிடமும் அவர் உண்மையைச் சொல்லவும் இல்லை. பெரிய பதவியில் இருப்பதாகத் தேக்காவில் யாரோ சொல்லிக் கேட்டதுண்டு.

அவர் போனதும் டெர்மினல்களைத் தூக்கிவிட்டார்கள். ஆளில்லாத பெட்டி எப்படிப் பேசும்? சரிசெய்கிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கார்டுகளை அட்டைப்பெட்டிகளில் போட்டு எங்கள் நூலகக் கிடங்கில் வைத்தார்கள், என் நாற்காலியிலிருந்து இருபது அடி தூரத்தில்.

ஒரு காலை கொடுவா மேடம் கவுண்டருக்கு வந்தார். அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். கண் இடுங்கியிருந்தது, தூங்கியிருக்கவில்லை. அந்த சிஸ்டம் எப்போது திரும்ப வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரே ஒரு கேள்விதான், அவசரம் என்றார். குஞ்சுகளின் செவுளில் ஒட்டுண்ணி வந்துவிட்டது. உப்பில்லாத நல்ல தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். இந்த அளவுக் குஞ்சு எத்தனை நிமிஷம் தாங்கும் என்று ஒரு கட்டுரை இருக்கிறது, சிஸ்டம் ஒருதடவை சொன்னது, தாளைத் தொலைத்துவிட்டேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றார். அவ்வளவையும் கவுண்டரில் கையூன்றி நின்று என்னிடம் சொன்னார். யாரோ ஒரு கவுண்டர்காரியிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னாரோ, வேறு ஆளில்லாமல் சொன்னாரோ.

எனக்குப் பதில் தெரியும். மூன்றாவது இழுப்பறை, வலது மூலை, ஓரம் கிழிந்த கார்டு. நிமிஷக் கணக்கும் தெரியும், கட்டுரையின் பெயரும் தெரியும். வாயைத் திறந்தால் போதும். மெஷின் என்றால் நீயே கதி என்பாய், ஆள் என்றால் கடிகாரத்தைப் பார்ப்பாய், போய் உன் மெஷினைக் கேள் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"இங்க புக் மட்டும்தான் மேடம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

குத்துமதிப்பாக ஒரு நேரம் முக்கியிருக்கிறார். அந்தக் கூண்டில் ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை என்று அவருடைய உதவியாளர் புத்தகம் திருப்ப வந்தபோது சொன்னார். இரண்டு வருட ஆராய்ச்சி அது. அந்த வருடமே மேடம் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். இதற்கெல்லாம் காரணம் அவர்தான் என்று, வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்மேல் பழியைப் போட்டுப் பல வருடம் ஓட்டினேன். பொய் சொன்னது அவர்தான். ஆனால் அன்று காலை கவுண்டரில் இருந்தது நான் ஒருத்திதான், அந்த அம்மா கேட்டதும் என்னைத்தான்.